அளவு நோட்டில் ஒரு வசனம்

முகம்மது ஹுசைன் யாரையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டார். சங்கரன்கோயில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் அவர் தையல் கடை வைத்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. இருபத்தாறு வருஷமும் சந்தேகப்பட்டே பிழைத்தவர். யாராவது துணி கொண்டுவந்தால் அவர்கள் கண்ணெதிரிலேயே இரண்டு தடவை அளப்பார். அளந்ததை நோட்டில் எழுதி, "இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பார். ஒரு வாத்தியார் பேண்ட்டுத் துணியில் அரை முழம் காணோம் என்று பஸ் ஸ்டாண்டே கூடி வேடிக்கை பார்க்கிற மாதிரி சண்டை போட்டதிலிருந்து வந்த பழக்கம் அது. அந்த வாத்தியார் செத்தே பத்து வருஷம் இருக்கும். பழக்கம் மட்டும் போகவில்லை. அந்த நோட்டில் கையெழுத்துப் போடாத ஆண்பிள்ளை ஊரில் குறைவு.

அப்படிப்பட்ட மனுஷரைத் தேடித்தான் எண்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாசக் கடைசியில் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

மெட்ராஸில் செட் போட்டு எடுத்தது போதும் என்று, நிஜ ஊர் தேடி எல்லாரும் வேன் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்த காலம். குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் பத்து நாளாக ஒரு படப்பிடிப்பு நடக்கிறது என்று டீக்கடையில் பேச்சு. அந்தக் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் ஒரு பகல் நேரத்தில் கடை வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்ட டைரக்டர். இன்னொருவன் அவருக்கு உதவியாள்.

"அண்ணாச்சி, என்னத் தெரியுதா? வாசுதேவநல்லூர் பொன்னுச்சாமி மவன் குருநாதன். என் மொத பேண்ட்டு நீங்க தச்சதுதான்."

முகம்மது ஹுசைன் முதலில் அவன் இடுப்பைப் பார்த்தார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். "இருபத்தாறு இருந்த இடுப்பு. மெட்ராஸ்ல நல்ல சாப்பாடு போல" என்றார்.

டைரக்டர் அவரைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் அதற்குச் சற்று முன்னால் முகம்மது ஹுசைன் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்து, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்து என்னவோ பேசியிருந்தார். உள்ளே நின்ற அவர் மனைவி ஆயிஷம்மாள் தெரு முனை வரை கேட்கிற குரலில், "புளி தீந்துட்டுன்னு நேத்தே சொன்னேம்லா!" என்று பதில் சொன்னாள்.

டைபாய்டு காய்ச்சலில் ஆயிஷம்மாளுக்கு இரண்டு காதும் போய்ப் பதினாலு வருஷம். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. எதிராளி வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்காகவே முகம்மது ஹுசைன் ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் நிறுத்தி நிறுத்திப் பேசப் பழகியிருந்தார். கடையில் ஆள் இருந்தால் சத்தத்தையும் விட்டுவிடுவார். உதட்டாலேயே குடும்பம் நடந்துவிடும்.

அவள் ஒரு சிட்டையை நீட்டினாள். பள்ளிக்கூடம் போகாதவள் அவள். சின்ன வயதில் கடையநல்லூரில் குர்ஆன் ஓதப்போன இடத்தில் கற்றுக்கொண்ட எழுத்துதான் அவளுக்குத் தெரியும். புளி, வத்தல், உளுந்து எல்லாம் அந்த எழுத்தில்தான் இருக்கும். மளிகைக்கடையில் முகம்மது ஹுசைன்தான் வாசித்துச் சொல்லவேண்டும்.

"குருநாதா, அந்த வாயைப் பாருய்யா" என்றார் டைரக்டர். "ஒவ்வொரு வார்த்தையும் எப்படித் தெரியுது! இவர்தான்யா நம்ம பாய்."

நம்ம பாய் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே முகம்மது ஹுசைன் சிட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்.

சினிமாவில் வருகிற பாய்களை அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டே ரகம்தான். ஒரு ரகம் பச்சை லுங்கி, அகல பெல்ட்டு, கையில் பெட்டி. பெட்டிக்குள் கடத்தல் தங்கம். இன்னொரு ரகம் நீளத் தாடி, கையில் தஸ்பீஹ் மணி; இடைவேளைக்கு முன்னால் கதாநாயகனுக்காகக் குத்துப்பட்டுச் சாவார். இரண்டு பேரும் 'நம்பள் நிம்பள்' என்றுதான் பேசுவார்கள். மூன்றாவதாக ஒரு பாயை அவர் திரையில் பார்த்ததில்லை. சட்டைக்குப் பொத்தான் தைக்கிற பாய், புளி வாங்க மறந்து பெண்டாட்டியிடம் திட்டு வாங்குகிற பாய், மழையைக் காணோமே என்று மேகத்தைப் பார்த்து நிற்கிற பாய் ஒருத்தர்கூட எந்தப் படத்திலும் வரவில்லை. அவருக்கோ உருது ஒரு வார்த்தை தெரியாது. மதுரையில் ஒரு வாட்சு ரிப்பேர்க்காரர் ஒருநாள் உருதுவில் பேச்சுக் கொடுத்தபோது கையைக் காலை ஆட்டிச் சமாளித்துவிட்டு வந்தவர் அவர். வாப்பா தறியில் உட்கார்ந்து வைததும் உம்மா தாலாட்டியதும் எல்லாம் இந்த ஊர்த் தமிழில்தான்.

அப்படிப் படம் ஒன்று வந்துபோனால் ஒரு மாசத்துக்கு அவர் பாடு திண்டாட்டம். துணி தைக்க வருகிறவன், "பாய், நம்பள்கு சட்டை எப்போ?" என்பான். துபாயிலிருந்து மச்சினன் பார்சல் அனுப்பினால் எதிர்த்த டீக்கடை சிவனாண்டி, "என்ன மாமா, பிஸ்கட்டா?" என்று கண்ணடிப்பார். தங்க பிஸ்கட்டாம். பார்சலில் கோடாலித் தைலமும் மூன்று சோப்பும் இருக்கும். சிவனாண்டி நல்லவர்தான், இருபது வருஷமாக மாமா மாப்பிள்ளை என்று பழகுகிறவர்தான். இருந்தாலும் முகம்மது ஹுசைன் அந்த சோப்பை எடுத்துப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். காட்டும்போது அவமானமாக இருக்கும். காட்டாமலும் இருக்கமுடியாது.

"ஒரே ஒரு சீன்தான் அண்ணாச்சி" என்று குருநாதன் கதையைச் சொன்னான். வீட்டை விட்டு ஓடிவருகிற கதாநாயகி ஒரு தையல் கடைக்குள் ஒளிந்துகொள்கிறாள். அவளை வெட்ட அண்ணன்மார் அரிவாளோடு வருகிறார்கள். தையல்கார பாய் அவர்களைப் பேசி அனுப்பிவிட வேண்டும். சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்து வசனத்தை வாசித்தான். "அரே பேட்டா! நம்பள் கடையிலே பொண்ணு வர்லே. அல்லா மேலே ஆணை! நிம்பள் போறான்!"

முகம்மது ஹுசைன் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "பொண்ணு உள்ளதான இருக்கு?"

"ஆமா."

"அப்ப இந்த ஆளு அல்லா மேல பொய் ஆணை இடுதானா?"

"ஒரு உயிரக் காப்பாத்தத்தான அண்ணாச்சி."

"காப்பாத்தட்டும், யாரு வேண்டாங்கா? கதவ அடைக்கட்டும், கத்திரியத் தூக்கிக் காட்டட்டும். பொய்க்கு அல்லாவச் சாட்சிக்கு இழுப்பானாலே? நீ கோமதியம்மா சந்நிதியில நின்னு பொய்ச் சத்தியம் பண்ணுவியா?"

குருநாதனின் இரண்டு கையும் தன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டன. "நம்மால முடியாது அண்ணாச்சி."

"எனக்கும் முடியாது. நான் யாரையும் பேட்டான்னு கூப்பிட்டதும் இல்ல. நீங்க வேற ஆளப் பாருங்க."

பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் நிலைப்படியில் நின்று மூன்று பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த ஆயிஷம்மாள், "செய்யுங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். டைரக்டர் திடுக்கிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க மாட்டேம்பிய. இவுக ஒருத்தனுக்கு ஒட்டுத்தாடி ஒட்டிக் கூட்டியாந்து அதே பொய் ஆணைய இட வைப்பாக. அதுக்கு நீங்களே நில்லுங்க. நம்ம பேச்சப் பேசுங்க, ஆணையிடாம பேசுங்க. நான் வந்து பாப்பேன்."

அவள் சினிமாக் கொட்டகைப் பக்கம் போய்ப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. காது போன புதிதில் ஒருதடவை கூட்டிப்போனார். நடிக்கிறவர்கள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பேசுகிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை என்று பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள். "எப்படித் திரும்பிப் பேசினாலும் எனக்கு விளங்குத ஒரே வாய் உங்க வாய்தான். உங்க வாய் பேசினா ஒரு படமாவது எனக்கு விளங்கும்" என்றாள்.

இதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. அதற்காக நம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை.

அளவு நோட்டை எடுத்தார். மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீஸ் கிளார்க்கின் சட்டை அளவுக்குக் கீழே வரிசையாக எழுதினார். தாடி கிடையாது. பச்சை லுங்கி, அகல பெல்ட்டு கிடையாது. நம்பள் நிம்பள் கிடையாது. அல்லா மேல் ஆணை கிடையாது. அதற்குக் கீழே அரைமணி நேரம் யோசித்து, உதட்டில் சொல்லிப் பார்த்து, ஆயிஷம்மாளிடம் காட்டித் திருத்தி, வசனத்தைத் தானே எழுதினார். "ஏலே, அருவாள வெளிய வச்சிட்டுப் பேசுங்க. இது தையக்கட. இங்கன வந்தவ எவளா இருந்தாலும் எம் மவ. மவள வெட்டக் குடுக்கவா கட வச்சிருக்கேன்? போங்கலே."

பொய்யும் இல்லை, ஆணையும் இல்லை. வாசித்துப் பார்த்த குருநாதனுக்குப் புல்லரித்தது. "அண்ணாச்சி, எங்க வசனகர்த்தாவ விட நல்லா எழுதியிருக்கிய. ஒரு எழுத்து மாறாது. எம் பொறுப்பு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். முகம்மது ஹுசைன் பக்கத்தில் 'சாட்சி' என்று எழுதி ஒரு கோடு போட்டார். சாட்சிக்கு சிவனாண்டியைக் கூப்பிடுவதற்குள் வேன்காரன் ஆரன் அடித்துவிட்டான், கோடு காலியாகவே கிடந்தது. அது அவருக்கு இரண்டு நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

பள்ளிவாசலிலும் நாலு பேர் கேட்டார்கள். "வேஷம் கட்டப் போறீராமே?" என்றார்கள். "வேஷம்லாம் கிடையாது. நான் நானாத்தான் நிக்கப்போறேன். எம் வாயில ஒரு பொய் ஆணை வந்தா எல்லாரும் என்னய நிறுத்திக் கேளுங்க" என்று வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தார்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால், கடையிலேயே படம் எடுத்தார்கள். சந்து கொள்ளாத கூட்டம். முகம்மது ஹுசைன் காலையிலிருந்து ஒவ்வொருவனையும் முறைத்துக்கொண்டே இருந்தார். மேக்கப்காரன் தகர டப்பாவைத் திறந்தான். உள்ளே தாடி. அவர் பேசாமல் நோட்டை எடுத்துக் காட்டினார். டப்பா மூடிக்கொண்டது. துணிமணி கொண்டுவந்தவன் பச்சை லுங்கியை உதறினான். அவனுக்கும் நோட்டு. கடைச் சுவரில் ஏற்கெனவே இருந்த 786 காலண்டர் போதாதென்று இன்னும் மூன்று பிறைநிலாப் படம் மாட்டினார்கள். அவற்றைத் தானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினார். கடைசியில் எப்போதும் உடுத்துகிற நீலக் கட்டம் போட்ட கைலியும், கழுத்தில் அளவு டேப்புமாக மிஷின் முன்னால் உட்கார்ந்தார்.

டைரக்டரிடமும் நோட்டு போனது. அவர் நின்றவாக்கிலேயே படித்துச் சிரித்தார். "அவர் இஷ்டத்துக்கே பேசட்டும் விடுய்யா. பாய், ஒண்ணே ஒண்ணு. வாயை நல்லா அசைச்சுப் பேசுங்க" என்றார்.

முகம்மது ஹுசைனுக்குச் சந்தேகம் இரட்டித்தது. இவ்வளவு சுளுவாக ஒத்துக்கொள்கிறானே, ஏன்? எங்கேயோ இடிக்கிறது. மிஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அரிவாள்காரர்களாக நடிக்கிறவர்களின் மடியை நோட்டம் விட்டார். கேமராவுக்குள் படச்சுருள் இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "ஏலே குருநாதா, மைக்கு எங்கலே?"

"சத்தம்லாம் பொறவு போட்டுக்கிடுவாங்க அண்ணாச்சி" என்றான் குருநாதன், ஓடுகிற ஓட்டத்தில்.

பின்னணி இசையைச் சொல்கிறான் என்று நினைத்துத் தலையாட்டினார். எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்ட மனுஷர் இதை மட்டும் கேட்காமல் விட்டார்.

பத்துத் தடவை எடுத்தார்கள். ஒரு தடவை அரிவாள் கைதவறி விழுந்தது. இன்னொரு தடவை கூட்டத்தில் ஒருவன் தும்ம, அரிவாள்காரன் சிரித்துவிட்டான். அதற்குக்கூட நிறுத்தி, திரும்ப எடுத்தார்கள். பதினோராவது தடவை முகம்மது ஹுசைன் மிஷினை விட்டு எழுந்து, கத்திரிக்கோல் கையில் இருப்பதையே மறந்து, அந்த நாலு வரியையும் சொன்னார். சொல்லும்போது எதிரே நின்றவர்கள் நடிகர்கள் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. உள்வாசலில் நின்ற ஆயிஷம்மாள், "இதான் சரி!" என்று கத்தினாள். டைரக்டர் கைதட்டினார், சந்தே கைதட்டியது. அன்றிலிருந்து சிவனாண்டி டீக்கடையில் யார் சத்தமாகப் பேசினாலும், "ஏலே, அருவாள வெளிய வச்சிட்டுப் பேசுங்க" என்றுதான் சொல்வார். அந்த வருஷம் தபசுக் கூட்டத்தில் துணி தைக்க வந்தவர்கள் எல்லாம் அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். முகம்மது ஹுசைன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நாலைந்து தடவை சொல்லிக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

தை மாசம் படம் வந்தது. டாக்கீஸ் வாசலில் ஒட்டியிருந்த போஸ்டரை முகம்மது ஹுசைன் கிட்டப் போய் நின்று, பச்சை லுங்கி எங்கேயாவது தென்படுகிறதா என்று மேலிருந்து கீழ்வரை தேடினார். இல்லை. அப்புறமும் ஒருநாள் பொறுத்துத்தான் ஆயிஷம்மாளைக் கூட்டிக்கொண்டு மாட்னி காட்சிக்குப் போனார். அவள் புதுச் சேலை உடுத்தித் தலையில் முக்காடு போட்டிருந்தாள். சந்தில் பாதிப் பேர் பின்னாலேயே வந்தார்கள். சிவனாண்டி கடையையே பூட்டிவிட்டு வந்திருந்தார்.

வாசலில் குருநாதன் நின்றான். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து படம் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்திருந்தானாம். "வாங்க அண்ணாச்சி" என்றவன் தரையைப் பார்த்தான். அளவெடுக்கும்போது நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற பையன் அவன். முகம்மது ஹுசைனுக்குச் சுருக்கென்றது. "என்னலே ஒரு மாதிரி இருக்க?" என்றார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, பஸ்ல வந்த அலுப்பு" என்று அவன் நகர்ந்துவிட்டான்.

படம் ஓடியது. ஆயிஷம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதாநாயகி உடுத்திய சேலையை மட்டும் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், திரை முழுக்க அவர்கள் கடை வந்தது. நீலக் கட்டம் போட்ட கைலி, 786 காலண்டர், மிஷின். கொட்டகையில் விசில் பறந்தது. "மாமோய்!" என்று சிவனாண்டி எழுந்து நின்றே கத்தினார். ஆயிஷம்மாள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

திரையில் முகம்மது ஹுசைன் எழுந்தார். வாயைத் திறந்தார்.

"அரே பேட்டா!" என்றது ஒரு கரகரத்த குரல். "நம்பள் கடையிலே பொண்ணு வர்லே! அல்லா மேலே ஆணை! அல்லா மேலே ஆணை! நிம்பள் போறான்!"

அவர் வாய்தான் அசைந்தது. குரல் யாருடையதோ. ஒரு கணம் கொட்டகையில் ஒருத்தருக்கும் புரியவில்லை, அவர் குரல் எல்லாருக்கும் தெரிந்த குரலாயிற்றே. அப்புறம் எங்கேயோ ஒருவன் சிரித்தான். அவ்வளவுதான், கொட்டகை மொத்தமும் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு மேலே ஆயிஷம்மாளின் குரல் கேட்டது. "அப்படியே சொல்லிட்டிய! ஒரு எழுத்து மாறல!"

அவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகச் சினிமாவில் ஒரு வசனம் அவளுக்கு விளங்கியிருந்தது. அதுவும் அவள் திருத்திக் கொடுத்த வசனம். சுற்றிலும் எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து அவளும் இன்னும் சிரித்தாள். அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். முகம்மது ஹுசைன் இருட்டில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

திரையில் பகல் வெளிச்சம் வந்தபோது அவர் கன்னம் ஈரமாக இருப்பதை ஆயிஷம்மாள் பார்த்துவிட்டாள். "என்ன?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று உதட்டை அசைத்தார்.

"பொய் சொல்லுதிய" என்றாள் அவள். அவளுக்கா தெரியாது அந்த வாயை.

இடைவேளை மணி அடிப்பதற்கு முன்னாலேயே இருவரும் எழுந்து வந்துவிட்டார்கள். குருநாதன் பின்னாலேயே வந்தான். கடைக்கு வந்ததும் முகம்மது ஹுசைன் அளவு நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் புரட்டி, மிஷின் பலகையில் வைத்தார்.

"வாசிலே" என்றார்.

குருநாதன் வாசிக்கவில்லை. "அண்ணாச்சி, மெட்ராஸ்ல டப்பிங்குன்னு ஒண்ணு உண்டு. படத்தப் போட்டுப் பாத்துப் பொறவுதான் எல்லாரும் பேசுவாங்க. நீங்க வரவேண்டாம், ஆள் வச்சுக்கிடலாம்னுட்டாங்க. நான் உங்க வசனத்ததான் எழுதிக் குடுத்தேன். என் தாய் மேல சத்தியம்."

"சத்தியம் பண்ணாத. விஷயத்தச் சொல்லு."

"படத்த வாங்க வந்தவங்க கேட்டாங்க. 'இந்த ஆளு யாரு? பாய்ங்குதிய. தாடியக் காணோம், பச்சை லுங்கியக் காணோம். பேச்சும் எல்லாரும் பேசுத பேச்சாட்டம் இருக்கு. பாய்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? பேச்சுலயாவது தெரியாண்டாமா?'ன்னாங்க. டைரக்டரும் சரின்னுட்டார். பழைய வசனத்தையே பேசவச்சிட்டாங்க."

முகம்மது ஹுசைன் தன் மோவாயைத் தடவிப் பார்த்தார். "மோவாயில ஒட்ட விடல. அதனால தாடிய எந் தொண்டையில ஒட்டிட்டிய" என்றார்.

அவர்களுக்குப் பின்னாலேயே எழுந்து வந்து கடையைத் திறந்திருந்த சிவனாண்டி மூன்று டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றார். எப்போதும் வாய் ஓயாதவர். "நானும் சிரிச்சிட்டேன் மாமா" என்றார். "எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கும் வந்துட்டு." அவருக்கு அழுகை வரும் போலிருந்தது.

"சிரிப்பப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல சிவனாண்டி. நம்பள் நிம்பள்னு நாளைக்கி நாலு பேரு கேலி பண்ணுவான், கேட்டுக்கிடுதேன். புதுசா?" என்றார் முகம்மது ஹுசைன். "ஆனா அந்த ஆணை? மதுரையில, தஞ்சாவூர்ல, கொழும்புல, எங்கெல்லாம் இந்தப் படம் போகுதோ அங்கெல்லாம் தினம் நாலு காட்சி நான் அல்லா மேல பொய் ஆணை இடுதேன். துபாய்ல எம் மச்சினன் பாப்பான். நான் மவுத்தாகி மண்ணுக்குள்ள போன பொறவும் எம் முகம் இட்டுக்கிட்டே இருக்கும். பள்ளிவாசல்ல எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டு வந்தேன். அத விடு, நாளைக்கி மறுமையில ரப்பு, என்னப் படச்சவன், கேட்டா நான் என்ன சொல்ல? எல்லாத்துக்கும் கையெழுத்து வாங்குனேன், சத்தத்துக்கு வாங்கலன்னா?"

ஆயிஷம்மாள் அதுவரை ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன ஆணை? எவன் இட்டான்?"

முகம்மது ஹுசைன் சத்தமில்லாமல், உதட்டால் மட்டும், நடந்ததைச் சொன்னார். முதலில் ஒருதடவை சொன்னார். அவள் நம்பாமல் மறுபடி கேட்டதால் இன்னொருதடவை சொன்னார். சொல்லி முடித்து, "உனக்குக் கேக்கல ஆயிஷா" என்றார்.

"கேக்காண்டாம்" என்றாள் அவள். சந்தே திரும்பிப் பார்க்கிற குரல். "எனக்கு என்னத்துக்குக் கேக்கணும்? வாய் யாரு வாயி? உங்க வாயி. அது என்ன சொல்லிச்சுன்னு நான் கண்ணால பாத்தேன். அருவாள வெளிய வைக்கச் சொல்லிச்சு, எம் மவதான்னு சொல்லிச்சு, போங்கலேன்னு சொல்லிச்சு. அதுல ஆணையே கிடையாது. ஆணையிட்டவன் எவனோ, அவன் பதில் சொல்லிக்கிடட்டும்."

அவர் சட்டைப்பையிலிருந்த பென்சிலை உருவினாள். அளவு நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். சாட்சி என்று எழுதி ஆறு மாசமாகக் காலியாகக் கிடந்த கோட்டில், வலமிருந்து இடமாக, மெதுவாக ஒரு வரி எழுதினாள். எழுதிவிட்டுப் பென்சிலை அவர் பையிலேயே செருகினாள்.

குருநாதன் எட்டிப் பார்த்தான். வளைவும் புள்ளியுமாக இருந்த அந்த எழுத்து அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன அண்ணாச்சி எழுதியிருக்காங்க? உருதா?"

"தமிழ்தாம்லே" என்றார் முகம்மது ஹுசைன். "எழுத்துதான் அரபு. பேச்சு நீயும் நானும் பேசுத தமிழ்."

குருநாதன் அந்த வரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகம்மது ஹுசைன் விரலை வைத்து, அவனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக, அவளுக்கும் தெரிகிற மாதிரி உதட்டை நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"அவுக ஆணையிடல. நான் பாத்தேன். ஆயிஷம்மாள்."